லாட்வியாவின் 'கவித்துவ ஆவணப்படம்' என்றால் என்ன?

செய்தியைச் சொல்லாமல் காட்சியாலேயே உணரவைக்கும் ஆவணப்படம். 1960களில், லாட்வியா சோவியத் ஆட்சியில் இருந்தபோது, தலைநகர் ரிகாவின் திரைப்பட ஸ்டூடியோவில் உல்டிஸ் பிரவுன்ஸ், ஹெர்ஸ் ஃபிராங்க் போன்றவர்கள் வளர்த்த பாணி இது. அன்றைய செய்திப்படங்களில் பின்னணிக் குரல் ஒவ்வொன்றுக்கும் அரசு சொல்லும் பொருளையே ஓதியது. எழுதிய வரியைத் தணிக்கையாளர் அடித்துவிடலாம். ஒரு முகபாவத்தை எப்படி அடிப்பது? வர்ணனையை அணைத்துவிட்டு கிரிக்கெட் பார்த்தால் பந்துவீச்சாளரின் முகத்தில் கண் நிற்குமே, அதுபோலத்தான்.

ஃபிராங்கின் 'பத்து நிமிடம் மூத்தவன்' (1978) இதன் உச்சம் என்பேன். பொம்மலாட்டம் பார்க்கும் ஒரு சிறுவனின் முகம். பொம்மையைக் காட்டுவதே இல்லை. ஒரே ஷாட், வெட்டே கிடையாது. 35 எம்எம் ஃபிலிமின் 300 மீட்டர் சுருள் ஓடுவது சுமார் 11 நிமிடம்தான்; நடுவில் ஃபோகஸ் நழுவினால் முழுச் சுருளும் வீண். ஒளிப்பதிவாளர் யூரிஸ் போட்னியெக்ஸ், பின்னாளில் 'இளைஞனாக இருப்பது எளிதா?' (1986) எடுத்தவர்.

2025இல் ஆஸ்கர் வென்ற, வசனமே இல்லாத 'ஃப்ளோ'வும் லாட்வியப் படம்தான், ஆனால் அது ஆவணப்படமல்ல, அனிமேஷன்.

பலர் நினைப்பதுபோல 'கவித்துவ' என்றால் படத்தில் கவிதை வாசிப்பார்கள் என்று பொருளல்ல. பெரும்பாலும் பேச்சே குறைவு.