மஜ்ஜையில் கொழுப்பு என்கிறது ஸ்கேன், பயப்பட வேண்டுமா?

கேள்வி: வயது 57, எடை 84 கிலோ. முப்பது வருடமாக மடியில் சொளவை வைத்து பீடி சுற்றுகிறேன். இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.8. இது புற்றுநோயா? நடந்தால் எலும்பு தேயும் என்கிறார் மதினி.
- வாசகி, முக்கூடல்

பதில்: அக்கா, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மஜ்ஜையில் கொழுப்பு என்பது புற்றுநோய்க்கு இன்னொரு பெயர் அல்ல. கறி சமைக்கும்போது பார்த்திருப்பீர்கள். இளங்குட்டியின் நல்லி சிவப்பாக இருக்கும், முற்றிய ஆட்டில் வெளுத்துக் கொழுப்பாக இருக்கும். நமக்கும் அப்படித்தான். பிறக்கும்போது மஜ்ஜை அனேகமாக முழுவதும் சிவப்பு, ரத்தம் ஊறும் இடம். வளர வளரக் கை கால் எலும்புகளில் அது மஞ்சள் கொழுப்பாகிறது. வயதாகும்போது முதுகெலும்பிலும் ஏறுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இன்னும் வேகமாக.

ஆனால் பழியை வயதின் மேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. மஜ்ஜையில் இருக்கும் ஒருவகைத் தாய்ச்செல் எலும்பு கட்டும் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். உடல் பருமன் அதைக் கொழுப்புப் பக்கம் தள்ளும். எலும்பு பாரம் தாங்கி அசைந்தால் அது எலும்புப் பக்கம் சாயும். கொழுப்புத் தீனி தின்ற எலிகளை ஓடவிட்டபோது மஜ்ஜைக் கொழுப்பு குறைந்தது. நல்ல ஆரோக்கியமான பெண்களை ஆய்வுக்காக இரண்டு மாதம் படுக்கையிலேயே வைத்திருந்தபோது, முதுகெலும்பு மஜ்ஜையில் கொழுப்பு ஏறியது. நடக்காமல் இருந்தால்தான் எலும்பு மெலியும் என்று மதினியிடம் சொல்லுங்கள்.

ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று நான்கு கட்டு முடிந்ததும் சொளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள். நாற்காலியில் பத்துமுறை உட்கார்ந்து எழுங்கள். காலையில் ஆற்றங்கரைப் பக்கம் 10 நிமிடம் நடக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல வாரத்துக்கு 150 நிமிடமாகக் கூட்டுங்கள். இடுப்பு வலி இருப்பதால் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எடை குறைக்கிறேன் என்று பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். கடும் பட்டினியிலும் மஜ்ஜையில் கொழுப்பு கூடும், கேட்க விநோதமாக இருந்தாலும் உண்மை அதுதான். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நல்லவை, சோற்றின் அளவைக் குறையுங்கள். சாளை மீனைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். நல்லி தின்றால் நம் மஜ்ஜை ஊறும் என்பதை நம்ப வேண்டாம்.

உங்கள் ஸ்கேனை விட அந்த 9.8 தான் எனக்குக் கவலை. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. வயசாயிட்டு, அதனால்தான் என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து, பி12, சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்தால் ரத்தநோய் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். இந்த வாரமே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வாருங்கள். அறிக்கைத் தாளோடு ஸ்கேன் படத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள் அக்கா.