மூக்கும் நாக்கும்

அன்புள்ள ஐயா,

கடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். சென்ற மாதம் புதுச்சேரியிலிருந்து மூன்று இளம் கலைஞர்கள் வந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் பயிலரங்கு நடத்தினார்கள். ஓவியம், நாடகம், கூடவே ஹிப்ஹாப். பிள்ளைகள் வட்டமாக நின்று வாயாலேயே தாளம் போட்டார்கள், சொந்தமாக வரிகள் எழுதினார்கள். நிறைவு விழாவுக்கு அதிகாரிகள் வருவதால் சில வரிகளைத் திருத்திக் கொடுத்தோம். (மீன் விற்பவரின் மகள் ஒருத்தி, ‘அம்மா கூடையோடு பஸ் ஏறினால் அத்தனை மூக்கும் மூடும், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அத்தனை நாக்கும் தேடும்’ என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று கடல் தூய்மை பற்றி மாற்றிவிட்டோம்.) விழா நன்றாகவே நடந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். தெருக்கூத்தும் பறையும் லாவணியும் உள்ள மண்ணில் அமெரிக்கப் பாட்டு எதற்கு? இரவல் தாளத்தில் தமிழ் கெட்டுவிடாதா? பகுதிநேர ஓவிய ஆசிரியருக்கே ஒழுங்கான சம்பளம் இல்லாதபோது இந்தச் செலவு தேவையா?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள டீச்சர்,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதோ நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிய அந்த இரண்டு வரிதான்.

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பள விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 2012-இல் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். அது அரசாங்கத்தோடு போட வேண்டிய சண்டை, வந்துபோன மூன்று பிள்ளைகளோடு அல்ல. தமிழ் கெடாது. லாவணியே மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்துசேர்ந்த சரக்கு. கூத்தில் காது கிழிய முழங்கும் ஆர்மோனியம் ஐரோப்பியப் பெட்டி. அவற்றால் கெடாத தமிழ் இதனாலா கெடும்?

அமெரிக்கப் பாட்டு என்கிறீர்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு கொண்டாட்டம் வைத்தாள். பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் டிக்கெட். இசைத்தட்டுப் போட்டவன் அவள் அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், கூல் ஹெர்க் என்று பெயர் வைத்துக்கொண்டவன். பாடகர் ஓய்ந்து மேளம் மட்டும் கேட்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கண்டு, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த நொடிகளை நீட்டினான். அந்த நீட்டலில் ஆடினார்கள், பிறகு அதன்மேல் பேசினார்கள். ஹிப்ஹாப் பிறந்த கதை என்று சொல்லப்படுவது இதுதான். பள்ளிக்கூடத் துணிக்காகப் பிறந்த ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குள் விடலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

இனி அந்த வரிகள்.

பத்தொன்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எதுகை என்று எழுதியவர் நீங்கள். மூக்கு, நாக்கு. முதலெழுத்து இரண்டும் நெடில், இரண்டாம் எழுத்து ஒன்று. மூடும், தேடும். எதுகையும் ஆயிற்று, அடியின் கடைசியில் நிற்பதால் இயைபும் ஆயிற்று. உங்கள் மாணவி உங்கள் பாடத்தைப் படித்திருக்கிறாள் டீச்சர். மூக்கைப் பொத்துகிறவரும் ஞாயிறன்று மீனுக்கு அலைகிறவரும் ஒரே ஆள்தான் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. ‘அத்தனை’ என்ற சொல்லை இரண்டு தடவை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். எனக்கு இந்தச் சிக்கனம் வர நாற்பது வயதாயிற்று.

அதை எடுத்துவிட்டு என்ன வைத்தீர்கள்? கடிதத்தில் இல்லை. எனக்குத் தெரியும். முதல் அடி ‘காப்போம்’ என்று முடிந்திருக்கும், இரண்டாம் அடி ‘தவிர்ப்போம்’.

நம் பள்ளிக்கூடங்களில் கலை என்றால் விழிப்புணர்வு. பறை எடுத்தால் டெங்கு. வில்லுப்பாட்டு என்றால் சாலைப் பாதுகாப்பு. பொம்மலாட்டம் என்றால் கை கழுவுதல். பொம்மைக்குக்கூடத் தன்பாட்டுக்கு ஆட அனுமதி இல்லை. பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ‘உன் வாயில் வருவதைச் சொல்’ என்று மூன்று நாள் கெஞ்சிக் கேட்டு, கடைசியில் அந்த வாயில் நம் துண்டறிக்கையைத் திணிக்கிறோம். பிளாஸ்டிக்கை ஒழிக்கத்தான் வேண்டும். அதற்குச் சுவரொட்டி போதும்.

கேலி செய்வார்கள் என்கிறீர்கள். உங்கள் அக்கறை பொய் இல்லை, அது தெரிகிறது. ஆனால் கேலி ஏற்கெனவே பஸ்ஸில் தினமும் நடக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் போயிற்று, மூக்கைப் பொத்துவது போகவில்லை. அவள் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். நீங்கள் அதைப் பிடுங்கிவிட்டீர்கள். அதிகாரி முகம் சுளிப்பாரே என்ற பயம் உங்களுக்குக் கொஞ்சமும் இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று தோன்றும். சொல்கிறேன்.

1981. பண்ருட்டிக்கு அருகே ஒரு பள்ளியில் எட்டாவது படித்தேன். எங்கள் தமிழ் ஐயா ஒரு கூத்து வாத்தியாரை மூன்று சனிக்கிழமை அழைத்துவந்தார். வாத்தியார் பெஞ்சில் முட்டியால் தட்டித்தான் தாளம் சொல்வார். விரல் கணுக்கள் காய்த்துப்போயிருக்கும், காதோரம் கழுவாத அரிதாரம் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். என்னைக் கட்டியக்காரனாக நிறுத்தினார். ராஜாவையே கிண்டலடிக்கலாம், ஊர்க்கதையை இழுக்கலாம், கூத்தில் அந்த உரிமை கட்டியக்காரனுக்குத்தான். “நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கேட்டார். “பொழிகிறது ராஜா, ஆறாம் வகுப்புக் கூரைக்குள் மட்டும்” என்றேன். பெஞ்சில் தட்டிய கை நின்றுவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் யாரும் எனக்குத் தரவில்லை.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அலுவலக அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. சிறுசேமிப்பு பற்றி எட்டு வரி. கூரை போயிற்று. மேடையில் நான்காவது வரியில் எனக்கு மறந்துவிட்டது. பின்பாட்டில் உட்கார்ந்திருந்த வாத்தியார் என்னைப் பார்த்தார். கைத்தாளத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தாளில் இல்லாத கேள்வியைச் சத்தமாகக் கேட்டார்: “நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?”

பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள். “பொழிகிறது ராஜா” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஐந்தாவது வரி நினைவுக்கு வர, அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்குவோம் என்று முடித்தேன். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள். வாத்தியார் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். தாள் எழுதியவர்மேல் இன்று எனக்குக் கோபமே இல்லை.

அந்தப் பெண்ணின் தாளை நீங்கள் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டு வரியை எழுத்துப் பிசகாமல் எனக்கு எழுதி அனுப்பியவர் ஆயிற்றே. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எடுத்துக்காட்டாகப் போடலாமா என்று கேளுங்கள். சரி என்றால் எதுகைப் பாடத்தை மறுபடி நடத்துங்கள், கரும்பலகையில் அவள் பெயரோடு எழுதுங்கள். வகுப்பில் எவனாவது மூக்கைப் பொத்தினால், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் என்ன குழம்பு என்று கேளுங்கள்.