வாடகை வந்து இஎம்ஐ கட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஈரோட்டில் பெற்றோருடன் சொந்த வீட்டில் இருக்கிறோம். அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, தரைத்தளம் மட்டும்தான். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 1,10,000 ரூபாய் கைக்கு வருகிறது. சேமிப்பு 18 லட்சம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் கட்டி முடித்த இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை 55 லட்சத்துக்குச் சொல்கிறார்கள். “வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும், வரியும் மிச்சம்” என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. 2 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

55 லட்சம் என்பது விளம்பர விலை. பதிவுச் செலவு கிட்டத்தட்ட 4 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போகும். அப்புறம் கப்போர்டு, ஃபேன், கிச்சன் ஷெல்ஃப், அசோசியேஷனுக்கு ஆரம்பப் பணம் என்று இன்னும் 3 லட்சமாவது ஆகும். ஆக 62 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80% வரைதான் வங்கி தர முடியும். அதாவது 44 லட்சம். மீதி 18 லட்சம் நீங்கள் போட வேண்டும். உங்கள் மொத்தச் சேமிப்பும் அத்தோடு காலி.

வட்டி 8.5%, தவணை 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் இஎம்ஐ சுமார் 38,200 ரூபாய். வாடகை 16,000 கிடைக்கிறது என்போம். வருடத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றே கணக்குப் போடுங்கள். சொத்து வரி, பெயிண்ட், பிளம்பர் போக வருடத்துக்கு 1,60,000 மிஞ்சினால் நல்லது. 62 லட்சத்துக்கு அது 2.6%தான். 8.5%க்குக் கடன் வாங்கி 2.6% சம்பாதிக்கிறீர்கள். மாதாமாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. விலை ஏறினால் ஈடுகட்டும் என்பீர்கள். ஏறலாம். ஆனால் ஃபிளாட்டில் விலை ஏறுவது நிலம்தான், கட்டடம் இல்லை. அந்தக் கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்குக்கு வரும் பிரிக்கப்படாத மனைப்பாகம் எத்தனை சதுர அடி என்று அந்தப் பிரதிநிதியிடம் கேட்டுப் பாருங்கள்.

வரி மிச்சம் என்பதும் பாதிதான் உண்மை. புதிய வரிமுறையில் இருந்தால், வாடகையைவிட வட்டி அதிகமாவதால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை தூரம். நான் வாடகைக்கு விட்ட முதல் வீடு, நான் இருந்த ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். ஒருநாள் காலை ஆறு மணிக்கு போன்: “சார், தண்ணி வரல.” மோட்டார் காயில் எரிந்துவிட்டது. யாரையோ பிடித்து, அவர் சொன்ன தொகையைக் கொடுத்துச் சரிசெய்தேன். பதினைந்து நாளில் மறுபடி எரிந்தது. நேரில் போனபோதுதான் தெரிந்தது, கோளாறு மோட்டாரில் இல்லை, தொட்டி வால்வில். ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஓஎம்ஆர் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் இப்படித்தான் இருக்கும்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் “தரைத்தளம் மட்டும்”. மொட்டை மாடியில் பில்லர் கம்பியை நீட்டி விட்டிருக்கிறார்களா? அங்கேதான் உங்கள் முதல் முதலீடு நிற்கிறது. 750 சதுர அடியில் ஒரு போர்ஷன், சதுர அடிக்கு 2,400 என்றால் 18 லட்சம். நிலத்துக்குச் செலவே இல்லை. சேமிப்பிலிருந்து 11 லட்சம் போட்டு, 7 லட்சம் கடன் வாங்குங்கள். அதே வட்டியில் பத்து வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 8,700. உங்கள் பகுதியில் 9,000 வாடகை வந்தால், அந்தப் பிரதிநிதி சொன்னது இங்கே கிட்டத்தட்ட நிஜமாகும். மீதி 7 லட்சம் அவசரத்துக்கு வங்கியிலேயே இருக்கட்டும். செலவு போக 5% அளவில்தான் வரும், வைப்புநிதியைவிடப் பெரிய லாபம் இல்லை. ஆனால் வைப்புநிதி வட்டி வருடாவருடம் ஏறாது, வாடகை ஏறும்.

இதில் சிக்கல் சிமென்ட்டில் இல்லை, பத்திரத்தில். நிலம் அப்பா பெயரில் இருக்கும்வரை அவரும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால், செங்கல் இறக்குமுன் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால், அப்பா வீட்டை உங்கள் பெயருக்கு எழுதித்தரும் செட்டில்மென்ட் பத்திரம் போடலாம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. பெற்றோர் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்பா கேட்க மாட்டார், நீங்களே சொல்லுங்கள்.

படிக்கட்டு வெளியே இருக்கட்டும், ஈபி மீட்டர் தனியாக இருக்கட்டும். குடிவருபவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

அப்பாவுக்கு இதில் மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ரியல் எஸ்டேட்டில் கால் வைத்தே ஆக வேண்டும் என்றால் பங்குச்சந்தையில் ரீட் (REIT) யூனிட்டுகள் இருக்கின்றன. பலர் போட்ட பணத்தில் மால், அலுவலகக் கட்டடங்களை வைத்திருந்து, வாடகையைப் பங்கிட்டுத் தரும் அமைப்புதான் ரீட். வடபழனி நெக்சஸ் விஜயா மால்கூட அப்படியொரு ரீட்டின் சொத்துதான். ஒரு யூனிட்டிலிருந்தே வாங்கலாம், மோட்டார் எரிந்தால் உங்களுக்கு போன் வராது.

சரி, இந்த ஞாயிறு ஒரு பொறியாளரை மாடிக்கு அழைத்துப் போங்கள். நீட்டி விட்ட கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். கட்டிட அனுமதிக்கு எழுதிப்போடுவது அதற்கப்புறம்.