டார்வினின் அப்பா சொன்ன எட்டு ஆட்சேபங்கள்

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீட் தேர்வில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பக் கடன் வாங்கவும் தயாராக இருக்கிறீர்கள். அவனோ விலங்கியல்தான் படிப்பேன் என்கிறான். கேட்டால், "டார்வினும்தான் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டார்" என்று பதில் வருகிறது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறீர்கள்.

பரிணாமக் கொள்கை தந்த டார்வினைப் பற்றி அவன் சொல்வது உண்மை. ஆனால் அறிஞர்களின் வாழ்க்கையை அரைப் பக்கத்தில் சுருக்கித் தரும் புத்தகங்கள் 'விட்டார்', 'வென்றார்' என்ற இரண்டு சொற்களோடு முடித்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு அப்பா இருந்தார். அவரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராபர்ட் டார்வின், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் பெயர் பெற்ற டாக்டர். அவருடைய அப்பாவும் டாக்டர். மகன் சார்லஸை 1825இல், 16 வயதில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல், அது முடியும் முன்பே சார்லஸ் வெளியே ஓடிவந்துவிட்டார். பிறகு அப்பா, பாதிரியாராவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜில் சேர்த்தார். 1831இல் பட்டமும் வந்தது. அந்த ஆகஸ்டில்தான் 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்ற அழைப்பு வந்தது. சம்பளம் கிடையாது.

அப்பா மறுத்தார். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது அழகல்ல, காட்டுத்தனமான திட்டம், கப்பலில் வசதி இருக்காது, மறுபடியும் தொழிலை மாற்றுவதாகும், திரும்பி வந்து ஒரு நிலையான வாழ்க்கைக்கு வரமாட்டான்... இன்றைக்கு நம் வீடுகளில் கேட்கும் பேச்சுதான். ஆனால் கதவை அடியோடு அடைக்கவில்லை. விவரமுள்ள ஒரு மனிதராவது போகலாம் என்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்றார்.

சார்லஸ் தாய்மாமன் வீட்டுக்குப் போனார். ஆம் ஐயா, அங்கேயும் தாய்மாமன்தான். அப்பாவின் ஆட்சேபங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதினார். எட்டு இருந்தன. மாமா ஜொசையா வெட்ஜ்வுட் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: பையன் இப்போது தொழிற்படிப்பில் மூழ்கியிருந்தால் அதைக் குலைக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் நிலைமை அப்படி இல்லையே என்ற பொருளில் எழுதினார். மறுநாள் தாமே வண்டியேறி ஷ்ரூஸ்பரிக்கும் வந்தார். அப்பா சம்மதித்தார். ஐந்தாண்டுப் பயணத்துக்கான பணமும் அவர் கொடுத்ததுதான்.

இனி உங்கள் மகனுக்கு. டார்வின் வெறுங்கையோடு மருத்துவத்தை விடவில்லை. எடின்பரோவில் இருந்தபோதே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம் இறந்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்து வைக்கக் கற்றார். கடற்கரையில் சிற்றுயிர்களைத் தேடிச் சேகரித்தார். கேம்பிரிட்ஜில் வண்டு பிடிக்கும்போது இரண்டு கையிலும் ஒவ்வொன்று இருக்க, மூன்றாவதைக் கண்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கக்கிய காரமான நீரில் நாக்கைச் சுட்டுக்கொண்டவர் அவர். விலங்கியல் கேட்கும் பையன் கடைசியாக எந்தப் பூச்சியை, எந்தப் பறவையைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தான்? இதை அவனிடம் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், ஆசையாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டார்வின் வீட்டில் செல்வம் இருந்தது. சம்பளத்துக்காக அவர் வேலை தேட வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீடு அப்படி அல்ல. கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள்: எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டேதான் கணக்குப் போட்டார் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்பது தவறே அல்ல. பி.எஸ்சி. விலங்கியலோடு நின்றால் வழி குறுகல்தான். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான நெட் தேறினால் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். விலங்கியல் பட்டதாரிகள் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வையும் எழுதலாம். காட்டுயிர்தான் அவன் ஆசை என்றால், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்திலும் முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. மருத்துவமா, இதுவா என்று நான் இப்போதே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாக வாருங்கள். அதற்கு முன் உங்கள் ஆட்சேபங்களை ஒரு தாளில் எண் போட்டு எழுதுங்கள். எட்டோ பதினெட்டோ, ஒன்றையும் விடாதீர்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் தன் கையெழுத்தில் பதில் எழுதட்டும். அவனுடைய தாய்மாமன் திருச்சியில் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.