வா, ரா, ஆ: மூன்றும் உறவா?

கேள்வி: எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தமிழர் ‘வா’ என்றும், தெலுங்கு பேசுவோர் ‘ரா’ என்றும், உருது பேசுவோர் ‘ஆ’ என்றும் அழைக்கிறார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதானா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முதல் இரண்டும் உடன்பிறப்புகள், மூன்றாவது அயலார். ‘வர்’ என்னும் திராவிட வேரில் உயிரொலி ரகரத்துக்குப் பின்னே நகர்ந்து, முன்னே தனித்து நின்ற வகரமும் உதிர்ந்ததால், தெலுங்கில் ‘ரா’ பிறந்தது. ‘வந்தான்’ என்பதற்குத் தெலுங்கர் ‘வச்சாடு’ என்று சொல்லும்போது அந்த வகரம் இன்றும் கேட்கிறது. நம் ‘உள்’ அங்கே ‘லோ’ ஆனதும் இத்தகைய இடமாற்றத்தால்தான். தமிழிலும் ‘ரா’ உண்டு. ஆனால் அது இரவைக் குறிக்கும்.

உருதுச் சொல் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘கச்சதி’ (போகிறான்) என்பதை ‘ஆகச்சதி’ (வருகிறான்) என மாற்றுகிற வடமொழி முன்னொட்டான ‘ஆ’வே அதில் ஒளிந்திருப்பதாகச் சிலர் கருதுவர். நன்னூல் கூறும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்றான நம் ‘ஆ’வோ பசு, விருந்தாளியை அப்படி அழைத்தால் வம்புதான்!

ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு என்று கொள்ள முடியாது. நம் ‘தா’வும் கொடுத்தலைக் குறிக்கும் வடமொழித் ‘தா’வும் பொருளில்கூட ஒத்தவை, எனினும் நம்முடையது ‘தரு’ என்னும் வினையின் ஏவல் வடிவம் ஆதலால், அந்த ஒற்றுமை தற்செயலானதே.