அப்பாவுக்குத் தெரியாம பொம்மை குடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க

நீங்க டீச்சரா இருக்குற நர்சரி வகுப்புல ஒரு நாலு வயசுப் பையன் பொம்மைய மடியில போட்டு தாலாட்டுறான், அவங்க அப்பா அத அவன் கையில குடுக்காதீங்கன்னுட்டாரு, உங்களுக்கு அது தப்பாவே தோணல, தெரியாம விளையாட விடலாமான்னு கேக்குறீங்க. தயவுசெஞ்சு மறைச்சு மட்டும் செய்யாதீங்க. அப்புறம் அவன்கிட்ட "அப்பாட்ட சொல்லாத"ன்னு சொல்ல வேண்டி வரும், பெரியவங்க சொன்னா வீட்டுல மறைக்கணும்னு ஒரு குழந்தைக்குப் பழக்கிவிடுறது எவ்ளோ ஆபத்து, நாளைக்கு வேற யாராவது தப்பான எண்ணத்தோட அதையே சொன்னாலும் வாயத் திறக்க மாட்டான்.

ஆம்பளப் பசங்களும் பொம்ம வச்சு விளையாடலாம்ங்கறது உங்க சொந்தக் கருத்து, எனக்கும் அதேதான், ஆனா அத வச்சு மட்டும் பேசுனா உங்க நம்பிக்கையா அவர் நம்பிக்கையான்னு போயிடும். அமெரிக்காவுல சின்னக் குழந்தைங்க கல்விக்கான சங்கமான என்ஏஇஒய்சி (NAEYC) 1989ல டீச்சர்களுக்குக் கொண்டுவந்த நெறிமுறையில குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடாதுங்கறதுதான் எல்லாத்துக்கும் மேல, அவமானப்படுத்துறதும் அதுல அடக்கம். அதனால எல்லார் முன்னாடியும் பொம்மையப் பிடுங்கவும் கூடாது. அதே நெறிமுறைதான் குடும்பத்தோட மதிப்பீடுகளையும் மதிக்கச் சொல்லுது.

மொதல்ல உங்க ஹெட்கிட்ட சொல்லிடுங்க. ரெண்டு மூணு நாள் அவன் விளையாடும்போது என்ன பேசுறான், அழுற குழந்தைய எப்படி சமாதானப்படுத்துறான்னு குறிச்சு வைங்க. அப்புறம் பையன் பக்கத்துல இல்லாதப்போ அப்பாகிட்ட உக்காந்து, உங்களுக்கு என்ன பயம்னு கேளுங்க, பெரும்பாலும் மத்தவங்க கேலி பண்ணிடுவாங்களோங்கறதுதான் இருக்கும். அவர் பேசி முடிச்சப்புறம் நோட்டக் காட்டுங்க.