ஈயம் இல்லாத பீசோ செராமிக்கை (அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் வகைப் பொருளை) கல்லூரி ஆய்வகத்தில் செய்து, அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? எந்தப் பொருளில் தொடங்கலாம்?

தாராளமாக முடியும். ஆனால் டி33 எண் (அழுத்தும் விசைக்கு எவ்வளவு மின்னூட்டம் வருகிறது என்ற அளவு, அலகு pC/N) பெரிதாக இருக்கிறதே என்று பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிர்விலிருந்து கிடைக்கும் ஆற்றல், டி33-ஐ வர்க்கமாக்கி டைஎலெக்ட்ரிக் மாறிலியால் (பொருள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனின் அளவு) வகுத்தால் வருவதைப் பொறுத்தது. பேரியம் டைட்டனேட்டுக்கு டி33 சுமார் 190, மாறிலி 1700. எதுவும் சேர்க்காத பொட்டாசியம் சோடியம் நியோபேட்டுக்கு 80-தான், ஆனால் மாறிலி 290. வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! அதோடு நியோபேட்டின் கியூரி வெப்பநிலை (அதைத் தாண்டினால் பீசோ குணம் போய்விடும்) 400 டிகிரிக்கு மேல், பேரியம் டைட்டனேட்டுக்கு வெறும் 120.

2009-இல் கால்சியமும் சிர்கோனியமும் சேர்த்த பேரியம் டைட்டனேட்டில் டி33-ஐ 620 வரை எடுத்துக் காட்டினார்கள், உண்மையிலேயே பெரிய விஷயம், ஆனால் அதன் கியூரி வெப்பநிலை 93 டிகிரி அளவில்தான், சூடாகும் மோட்டார் பக்கத்தில் வைத்தால் கொஞ்ச நாளில் துருவமுனைப்பு போய்விடும்.

அதனால் என் ஓட்டு நியோபேட்டுக்கு. அதில் பாதி வேலை ஈரத்தோடு போராடுவதுதான். மூலப்பொருளான பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், 200 டிகிரியில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) ஆறவைத்து, எடுத்தவுடன் எடை போட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் நிறுப்பதில் ஒரு பங்கு தண்ணீர். பொடியை அரைக்கும் பால் மில்லிலும் (உருளும் குண்டுகள் கொண்ட அரைவை இயந்திரம்) தண்ணீர் வேண்டாம், எத்தனால் ஊற்றுங்கள். 850 டிகிரி வாக்கில் கால்சினேஷன் (பொடிகள் வினைபுரிந்து நியோபேட் ஆகும்படி சுடுவது), அப்புறம் பெல்லட் அழுத்தி 1100 டிகிரியை ஒட்டி சிண்டரிங் (துகள்கள் ஒட்டி அடர்த்தியாகும்படி சுடுவது). இங்கே பத்து, இருபது டிகிரி தப்பினாலே விளைவு மாறும்: குறைந்தால் அடர்த்தி வராது, கூடினால் பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகிவிடும். அதே பொடியில் பெல்லட்டைப் புதைத்து, மூசையை மூடிச் சுடுங்கள்.

போலிங்கிற்கு (மின்புலம் கொடுத்துத் துருவமுனைப்பை ஒரே திசைக்குத் திருப்புவதற்கு) 120 டிகிரி சிலிக்கோன் எண்ணெயில், மில்லிமீட்டருக்கு 3 முதல் 4 கிலோவோல்ட். தனியாக இருக்கும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு நாள் விட்டு டி33-ஐ அளவிடுங்கள்.

கடைசியாக, எல்இடி மின்னியது என்றோ, திறந்த சுற்றில் இத்தனை வோல்ட் வந்தது என்றோ எழுதி முடித்துவிடாதீர்கள். சில கிலோஓமிலிருந்து பல மெகாஓம் வரை ரெசிஸ்டர்களை மாற்றி, எதில் திறன் உச்சம் என்று வரைபடம் போடுங்கள். ஆசிலோஸ்கோப் புரோப்பே 10 மெகாஓம் சுமைதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.